சாவி யார் கையில்? கணினியை அரசுச் சோதனையிலிருந்து காக்க ஒரு தொடக்க வழிகாட்டி

உங்கள் கணினியில் இருப்பது உங்கள் வாழ்க்கை மட்டுமல்ல. மருத்துவ அறிக்கையை நம்பி அனுப்பிவைத்த தோழி, பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டு பேசிய ஊழியர், வழக்கு விவரங்களைப் பகிர்ந்துகொண்ட கட்சிக்காரர், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் உள்ளவர்கள் எனப் பலரும் அதற்குள் இருக்கிறார்கள். அதிகாரிகள் அந்தக் கணினியை எடுத்துச் செல்லும்போது அவர்களும் சேர்ந்தே போகிறார்கள். “என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை” என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த மற்றவர்களின் இரகசியத்தைத் திறந்துகாட்டும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?

அரசுக்குச் சோதனையிடும் அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. கைதானவரின் கைபேசியாக இருந்தாலும் அதைத் துழாவ நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகச் சொன்னது. பூட்டப்படாத கணினியின் முன் இத்தகைய தீர்ப்புகள் காகிதத்தில்தான் நிற்கும். கணினியைப் பூட்டி வைத்தால், திறக்க வேண்டியவர்கள் சட்டத்தின் வழியாக வந்து கேட்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரையின் நோக்கம் அவ்வளவுதான். குற்றத்தை மறைப்பதற்கு இதில் எதுவும் இல்லை.

ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைத் திறக்கும் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது?

எந்த வழியாக வருவார்கள்?

அரசு உங்கள் தரவை அடைய நான்கு வழிகள் உண்டு. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வந்து கருவியைக் கைப்பற்றலாம். நாட்டு எல்லையிலோ விமான நிலையத்திலோ சோதிக்கலாம். உங்களிடம் வராமலேயே, உங்கள் மின்னஞ்சலையும் மேகச் சேமிப்பையும் (கிளவுட்) வைத்திருக்கும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். உளவு மென்பொருளைத் தொலைவிலிருந்து ஏற்றலாம். முதல் இரண்டுக்கும் தடுப்பு ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவதற்கு முற்றிலும் வேறு வேலை செய்ய வேண்டும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவதும் அங்கேதான். நான்காவது கடினமானது, அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வேலை: வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யுங்கள்

கணினியைத் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல் உங்கள் கோப்புகளைக் காக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது திரையை மட்டுமே காக்கிறது. உள்ளே இருக்கும் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், அந்தக் கடவுச்சொல்லைத் தொடாமலேயே எல்லாக் கோப்புகளையும் படித்துவிடலாம். தடயவியல் ஆய்வகங்கள் வட்டின் முழு நகலை எடுத்துத்தான் வேலை செய்கின்றன.

இதற்கு மருந்து முழு வட்டுக் குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன். அதை இயக்கிவிட்டால் வட்டில் எழுதப்படும் ஒவ்வொன்றும் சாவி இல்லாமல் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே இருக்கும். இன்று இதற்குப் பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் முறை 2001இல் அமெரிக்க அரசின் தரநிலையாக ஏற்கப்பட்டது. அரசுகள் தங்கள் சொந்த இரகசியங்களுக்கும் இதையே நம்புகின்றன. அதன் கணிதத்தை நேரடியாக உடைக்க நடைமுறையில் இதுவரை வழி கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் எல்லோரும் சாவியைத் தேடுகிறார்கள்.

தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளுக்கு ஒரு காப்புப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கணினிக்கு ஏற்றதைச் செய்யுங்கள்.

மேக் கணினி என்றால் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று ஃபைல்வால்ட் வசதியை இயக்குங்கள். கடவுச்சொல் மறந்துபோனால் வட்டைத் திறக்க உதவும் மீட்புச் சாவியை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கும். ஆப்பிள் கணக்கு மூலம் திறக்கும் வழியைத் தவிர்த்துவிட்டு, தனி மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

லினக்ஸ் என்றால் நிறுவும்போதே வட்டைக் குறியாக்கம் செய்யவா என்று கேட்கும். லக்ஸ் என்ற முறை அதில் பயன்படுகிறது. ஆம் என்று சொல்லி வலுவான கடவுச்சொற்றொடரைக் கொடுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால், கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு மீண்டும் நிறுவுவதே தொடக்கநிலையாளருக்குப் பாதுகாப்பான வழி.

விண்டோஸில்தான் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்க வசதி இருக்கிறது. ஹோம் பதிப்பில், கணினி அதற்கு இடம்கொடுத்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற சுருக்கமான வடிவம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கப்படும் கணினிகளில் இது பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. திருடனிடமிருந்து காக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி உங்கள் கணக்கின் வழியாக அந்த நிறுவனத்தின் சேவையகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீதிமன்ற ஆணை வந்தால் அதை எடுத்துக் கொடுக்க நிறுவனத்தால் முடியும். உங்கள் பூட்டின் மாற்றுச்சாவி உங்களைக் கேட்காமலே இன்னொருவரிடம் இருக்கிறது.

புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் பிட்லாக்கரை இயக்கும்போது மீட்புச் சாவியைக் கணக்கில் சேமிக்காமல், அச்சிடும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். சாவி ஏற்கெனவே மேலே போய்விட்டது என்றால் அதைக் கணக்கிலிருந்து அழிப்பது மட்டும் போதாது. குறியாக்கத்தை முழுவதும் நீக்கி, மீண்டும் இயக்கிப் புதிய சாவியை உருவாக்குங்கள். ஹோம் பதிப்புக்காரர்களுக்கு வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. அது கணினி தொடங்கும் முன்பே கடவுச்சொல் கேட்கும்படி வட்டு முழுவதையும் பூட்டும். அமைக்கும்போது மீட்பு வட்டு ஒன்றை உருவாக்கச் சொல்லும், அந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

பிட்லாக்கரில் இன்னொரு கண்ணியும் உண்டு. இயல்பான அமைப்பில் கணினியில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு சாவியை வைத்திருந்து, மின்விசையை அழுத்தியவுடன் தானே கொடுத்துவிடுகிறது. சில கணினிகளில் அந்தச் சில்லுக்கும் செயலிக்கும் இடையே போகும் சாவியை மலிவான மின்னணுக் கருவியால் ஒட்டுக்கேட்க முடியும் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். புரோ பதிப்பில், குழுக் கொள்கை (குரூப் பாலிசி) அமைப்புகளில், தொடங்கும்போது கூடுதல் சரிபார்ப்பு கேட்கும் விதியை இயக்கி ஒரு பின் எண் வைத்துவிட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

இழுப்பறையில் கிடக்கும் பழைய பென் டிரைவ், வெளிவட்டு, பயன்படுத்தாத மடிக்கணினி ஆகியவற்றையும் மறக்காதீர்கள். சோதனைக்கு வருபவர்கள் அவற்றையும் அள்ளிச் செல்வார்கள்.

கடவுச்சொற்றொடர்: மனம் தேர்ந்தெடுக்கக் கூடாது

வட்டுக் குறியாக்கத்தின் வலிமை முழுவதும் அதைத் திறக்கும் சொற்றொடரில் இருக்கிறது. பிறந்தநாள், பிள்ளையின் பெயர், திருக்குறள், பாட்டின் முதல் வரி எதுவும் வேண்டாம். நீங்கள் நினைத்துத் தேர்ந்தெடுப்பதை இன்னொருவரும் நினைக்க முடியும், அவருக்கு உதவக் கணினிகளும் இருக்கின்றன.

1995இல் அமெரிக்கரான ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் வெளியிட்ட டைஸ்வேர் முறை இன்றும் மிகச் சிறந்தது. 7,776 சொற்கள் கொண்ட எண்ணிட்ட பட்டியல் ஒன்று இருக்கும். ஐந்து பகடைகளை உருட்டி வரும் எண்ணுக்கு உரிய சொல்லை எடுக்க வேண்டும். இப்படி ஆறு சொற்கள் எடுத்தால் சாத்தியமான சேர்க்கைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 22க்குப் பின் 22 பூச்சியங்கள். பட்டியலும் முறையும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் அதைச் சலித்து முடிக்க முடியாது.

தமிழ்ச் சொற்களில் நினைவில் வைப்பது உங்களுக்கு எளிது என்றால் தமிழ்ப் பட்டியலே தயாரித்துக்கொள்ளலாம். 1,296 எளிய சொற்களை எண்ணிட்டு எழுதி, நான்கு பகடைகளை உருட்டி எட்டுச் சொற்கள் எடுத்தால் அதே அளவுக்கு மேலேயே வலிமை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: கணினி தொடங்கும் முன் வரும் அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் விசைப்பலகை இருக்காது. எனவே சொற்களை ஆங்கில எழுத்துகளில், எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் தட்டச்சு செய்யப் பழகுங்கள். ழகரத்தை இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் எழுதினால் நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான். மனத்தில் படியும் வரை தாளில் எழுதி வைத்திருப்பதில் தவறில்லை. கணினிப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

மற்ற கணக்குகளுக்குக் கடவுச்சொல் மேலாளர் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துங்கள். கீபாஸ்எக்ஸ்சி உங்கள் கணினிக்குள்ளேயே எல்லாவற்றையும் பூட்டி வைக்கும்.

அணைத்துவிடுங்கள்

குறியாக்கம் செய்த கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது சாவி அதன் நினைவகத்தில் இருக்கும். மூடியை மூடி உறக்க நிலையில் விட்டாலும் சாவி அங்கேதான் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நினைவகத்தின் உள்ளடக்கம் சில விநாடிகள் முதல் நிமிடங்கள் வரை தங்கும், குளிரூட்டினால் இன்னும் நீளும், அதிலிருந்து சாவியை எடுக்கலாம் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008இல் நிறுவினார்கள்.

ஆனால் இத்தனை பாடு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, திறந்திருக்கும் கணினியைப் பறித்துக்கொண்டாலே போதும். 2013 அக்டோபரில் சில்க் ரோடு என்ற சட்டவிரோத இணையச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டை சான் பிரான்சிஸ்கோவின் பொது நூலகம் ஒன்றில் கைது செய்தபோது எஃப்பிஐ செய்தது இதைத்தான். அவர் கவனத்தைத் திருப்பி, திரை பூட்டப்படும் முன் மடிக்கணினியைக் கைப்பற்றினார்கள். அவருடைய குற்றம் வேறு விஷயம். ஆனால் குறியாக்கம் எப்போது பயனற்றுப்போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது.

எனவே இரவில் கணினியை முழுவதும் அணைத்துவிடுங்கள். வெளியே எடுத்துச் செல்லும்போதும் அப்படியே. சோதனைகள் பல இடங்களில் விடியற்காலையில் நடப்பவை. பகலில் இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் திரையைப் பூட்டுங்கள், விண்டோஸில் விண்டோஸ் விசையோடு எல், மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், கியூ. இரண்டு மூன்று நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும்படியும் அமைத்துவிடுங்கள்.

கைரேகை, முக அடையாளம் பற்றி ஒரு வார்த்தை. விரலைப் பிடித்து வைப்பது எளிது. பல நாடுகளின் சட்டமும் மனத்தில் உள்ள கடவுச்சொல்லுக்குத் தரும் பாதுகாப்பை விரலுக்குத் தருவதில்லை. சோதனை வரக்கூடிய சூழலில் இருப்பவர்கள் இவற்றை நிறுத்திவிடுவது நல்லது.

உங்களிடம் வராமலே எடுக்கப்படுவது

வட்டை எவ்வளவு பூட்டினாலும், அதே கோப்புகள் மேகச் சேமிப்பில் நிறுவனத்தின் சாவியோடு கிடந்தால் பயனில்லை. யாரும் உங்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். நிறுவனத்துக்கு ஆணை போகும், நகல் வரும், பல நேரங்களில் உங்களுக்குச் சொல்லக்கூடாது என்ற தடையும் சேர்ந்தே வரும்.

இங்கே தேட வேண்டியது முனைக்கு முனை குறியாக்கம். அதில் சாவி உங்கள் கருவியில் மட்டும் இருக்கும், நிறுவனம் நினைத்தாலும் படிக்க முடியாது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற நடவடிக்கை ஒன்றில் ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, சிக்னல் செயலியை நடத்துபவர்களால் கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே தர முடிந்தது. மறைக்க வேண்டியிருக்கவில்லை, வேறு எதுவும் அவர்களிடம் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐகிளவுட் தரவுக்கு மேம்பட்ட பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கினால் பெரும்பாலான தரவின் சாவி பயனரிடம் மட்டுமே இருக்கும். பிரிட்டன் அரசின் நெருக்குதலுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அந்த நாட்டின் புதிய பயனர்களுக்கு அந்த வசதியை ஆப்பிள் நிறுத்தியது. இன்று இருக்கும் வசதி நாளை இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மின்னஞ்சலின் உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்யும் புரோட்டான் நிறுவனமும் 2021இல் சுவிட்சர்லாந்து அதிகாரிகளின் சட்டபூர்வ ஆணைக்கு இணங்கி, பிரான்சின் காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பைக் காட்டும் எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது. கடிதத்தின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும், யார், எப்போது, எங்கிருந்து என்ற விவரங்கள் வெளியே நிற்கும்.

செய்ய வேண்டியவை: உங்கள் கணினியில் எந்தெந்தக் கோப்புறைகள் தானாக மேலே ஏறுகின்றன என்று இன்றே பாருங்கள். டெஸ்க்டாப்பும் ஆவணக் கோப்புறையும் உங்களுக்குத் தெரியாமலே ஏறிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். முக்கியமானவற்றை அதிலிருந்து விலக்குங்கள். மேகத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கிரிப்டோமேட்டர் போன்ற இலவசக் கருவியால் பூட்டிய பிறகு ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பின் உரையாடல் காப்புப்பிரதி மேகத்தில் இருந்தால், அதற்கான முனைக்கு முனை குறியாக்கத்தைத் தனியாக இயக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

இல்லாததை யாரும் எடுக்க முடியாது

தேவையற்றதை வைத்திருக்காமல் இருப்பது எந்தப் பூட்டையும்விட வலுவானது. சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் தானே மறையும் செய்திகளை இயக்குங்கள். முடிந்துபோன வேலைகளின் கோப்புகளை அவ்வப்போது களையுங்கள். ஆனால் எஸ்எஸ்டி வட்டில் அழிப்பது நம்பத்தக்கது அல்ல. தேய்மானத்தைச் சமமாக்க அந்த வட்டு தரவைத் தானே இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதி அழித்தாலும் பழைய துண்டுகள் தங்கக்கூடும். வாங்கிய நாளிலேயே குறியாக்கம் செய்யச் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டாதீர்கள். விசாரணை நடக்கிறது என்றோ சோதனை வரப்போகிறது என்றோ தெரிந்த பிறகு எதையும் அழிக்கக்கூடாது. பல நாடுகளில் அது சாட்சியத்தை அழித்த தனிக் குற்றம். அமெரிக்காவில் அதற்கு 20 ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கமான களையெடுப்பு வேறு, பதற்றத்தில் அழிப்பது வேறு.

காப்புப்பிரதி ஒன்றை, அதுவும் குறியாக்கம் செய்து, வேறொரு இடத்தில் வையுங்கள். கைப்பற்றப்பட்ட கணினி திரும்ப மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். அதுவரை உங்கள் வேலை நின்றுவிடக்கூடாது.

எல்லையில்

எல்லையில் அரசின் அதிகாரம் பொதுவாக அதிகம், உங்கள் உரிமை குறைவு. நியூசிலாந்தின் 2018 சுங்கச் சட்டப்படி கடவுச்சொல் தர மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். மற்ற இடங்களில் வெளிநாட்டவர் மறுத்தால் திருப்பி அனுப்பப்படலாம், சொந்தக் குடிமகனின் கருவி பிடித்துவைக்கப்படலாம். எனவே அங்கே வாதாடுவதை நம்பாமல், பயணத்துக்குத் தேவையானது மட்டும் உள்ள கணினியை எடுத்துச் செல்லுங்கள். மற்றவை பூட்டிய வடிவில் வேறிடத்தில் இருக்கட்டும், போய்ச் சேர்ந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம். வரிசையில் நிற்கும் முன் கணினியை அணைத்துவிடுங்கள்.

உளவு மென்பொருள்

பெகாசஸ் போன்ற மென்பொருள் கருவிக்குள் நுழைந்துவிட்டால் குறியாக்கம் உதவாது, நீங்கள் பார்ப்பதை அதுவும் பார்க்கும். மேம்படுத்தல்களைத் தள்ளிப்போடாதீர்கள், எதிர்பாராமல் வந்த இணைப்புகளைத் திறக்காதீர்கள். மிக நுட்பமான வேலைக்கு டெயில்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கலாம், அணைத்ததும் கணினியில் தடம் விடாது. தொடக்கநிலையாளர் பெரும்பாலானோருக்கு இது தேவைப்படாது.

அவர்கள் வந்துவிட்டால்

தடுக்காதீர்கள், ஓடாதீர்கள், பொய் சொல்லாதீர்கள். ஆணையைக் காட்டும்படி கேட்டு, எந்த முகவரி, எந்தப் பொருள்கள் என்று படியுங்கள். ஆணை இல்லாமல் சோதிக்க அனுமதி கேட்டால், “நான் சம்மதிக்கவில்லை” என்று மரியாதையாக, தெளிவாகச் சொல்லுங்கள். வழக்கறிஞரை அழைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவருடைய எண் கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது, கைபேசியையும் எடுத்துவிடுவார்கள்.

கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டுமா என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் முறையான அறிவிப்புக்குப் பிறகும் சாவியைத் தர மறுத்தால் இரண்டு ஆண்டு வரை, நாட்டுப் பாதுகாப்பு வழக்கு என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, குறிப்பிட்ட காரணங்களுக்காகப் பிறப்பிக்கப்பட்ட மறைநீக்க ஆணைக்கு உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. உங்கள் நாட்டின் நிலையை இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டுக்குள் மறைவுப் பகுதிகளை உருவாக்கி “வேறொன்றும் இல்லை” என்று சொல்லும் உத்திகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவை உங்களைப் பொய் சொன்னவராக்கிவிடும்.

கைப்பற்றிய ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணோடு பட்டியல் கேளுங்கள். வட்டின் ஹேஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணையும், கேட்டு எழுதி வாங்க முயலுங்கள். உள்ளடக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும் என்பதால், கைப்பற்றிய பிறகு எதுவும் சேர்க்கப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். கைப்பற்றுவதற்கு முன்பே தொலைவிலிருந்து கோப்புகள் திணிக்கப்படுவதும் நடக்கக்கூடியதே. இந்தியாவின் பீமா கோரேகான் வழக்கில் ஒரு மடிக்கணினியில் உளவு மென்பொருள் மூலம் கோப்புகள் வைக்கப்பட்டிருந்தன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங்கின் அறிக்கை 2021இல் சொன்னது. வட்டின் மாற்றப்படாத நகல் இருந்தால்தான் இப்படிப்பட்ட ஆய்வே சாத்தியம்.

கணினி திரும்பி வந்தபின்

அதை உடனே பயன்படுத்தாதீர்கள். வழக்கு நடக்கிறது என்றால் இயக்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள், அந்த வட்டு உங்கள் தரப்புச் சாட்சியமாகவும் இருக்கலாம். அவர் சரி என்ற பிறகும் வட்டை மாற்றி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவித்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். முடிந்தால் வேறு கணினிக்கு மாறிவிடுங்கள். கணினி போன அன்றே, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலில் தொடங்கி எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, அந்தக் கணினி இணைந்திருந்த கணக்குகளிலிருந்து அதை வெளியேற்றுங்கள். ஆனால் கணக்கில் உள்ள எதையும் அழிக்காதீர்கள். பிறகு, சட்டத் தடை எதுவும் இல்லை என்பதை வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்டு, அந்தக் கணினிக்குள் யார் யாருடைய செய்திகள் இருந்தன என்று பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லுங்கள். எது பூட்டியிருந்தது, எது திறந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தங்களைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு அந்த விவரம் வேண்டும்.